தவிட்டைக் குளிப்பாட்டிய ஏழு ஞாயிறுகள்

பண்டாரகுளம் விலக்கில், நாலு வழிச்சாலைக்குத் தெற்கே இருக்கிற சங்குமுத்து வளவில் ஒரே முற்றத்தைச் சுற்றி ஏழு வீடுகள், ஏழு வீட்டுக்கும் பொதுவாக ஒரு துவைகல், அந்தத் துவைகல்லில் இருந்து ஓடிவருகிற தண்ணீரைக் குடித்துக் குடித்தே ஓட்டுக்கு மேலே தலை நீட்டிவிட்ட ஒரு கறிவேப்பிலை மரம். நாலு நாளைக்கு ஒரு தடவைதான் குழாயில் தண்ணீர் வரும் என்பதால், குளித்த தண்ணீரோ துவைத்த தண்ணீரோ ஒரு சொட்டுகூட வாறுகாலில் விழுந்து வீணாகப் போய்விடக் கூடாது, எல்லாம் மரத்துக்குத்தான் போக வேண்டும் என்பது அங்கே யாரும் எழுதிவைக்காத சட்டம். புதிதாகக் குடிவருகிறவர்களிடம் சாவியைக் கொடுக்கும் முன்னால் இதைத்தான் சொல்வார்கள். ஏழு வீட்டுக் குழம்பிலும் ரசத்திலும் அந்த ஒரே மரத்தின் இலைதான் கிடந்தது.

இந்த வளவின் முதல் வீட்டுக்காரி சுயம்புக்கனி, பிள்ளையில்லாதவள், பீடி சுற்றுகிறவள், ஒரு பங்குனி மத்தியானம் சாலைப் பாலத்துக்கு அடியில் இருந்து ஒரு நாயை மடியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள். தவிட்டு நிறம். உடம்பெல்லாம் சொறி. கழுத்தில் அறுந்த சங்கிலித் துண்டு ஒன்று சதையோடு ஒட்டிக் கிடந்தது. அதற்குத் தவிடு என்று பேர் வைத்தாள், ஆனால் கூப்பிட்டால் வரவேண்டுமே. கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, விளக்குமாற்றைப் பார்த்தால் நடுங்கி, செருப்புச் சத்தத்துக்கு நடுங்கி, சோற்றுத் தட்டை நகர்த்துகிற சத்தத்துக்கும் நடுங்கி, பத்து நாளாக அது நடுங்கியதிலேயே கட்டில் ஓர் அடி நகர்ந்துவிட்டது என்று அவள் புருஷன் அருணகிரி சொன்னான். அவன் சாலையோரத்து எடைமேடையில் லாரிகளை நிறுத்தி எடை போடுகிறவன், கணக்கில் தப்ப மாட்டான்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா சங்கிலித் துண்டை வெட்டி எடுத்து, நாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தோலுக்குள்ள பூச்சி அரிச்சிருக்கு. ஏழு ஞாயித்துக்கிழமை இந்த மருந்தப் போட்டுக் குளிப்பாட்டுங்க, இல்லன்னா தோலு அழுகி நாய் நிக்காது. ஆனா இது ரொம்பப் பயந்த நாயி. மொத நாளே தலையில ஊத்திராதீங்க. கால மட்டும் நனைங்க. அடுத்த வாரம் முதுகு. அப்படியே வாரத்துக்கு ஒரு இடமா மேல ஏறிப் போங்க. தலை கடைசி."

அவள் சொன்னது ஒன்று விடாமல் சுயம்புக்கனி செய்தாள். காலையிலேயே விளிம்பு உயர்ந்த பெரிய அலுமினியத் தாம்பாளத்தில் தண்ணீர் பிடித்து வெயிலில் வைத்து, மூன்று மணிக்கு முழங்கையை விட்டுப் பார்த்து, பச்சைப்பிள்ளைக்கு ஆகும் சூடுதான் என்று தெரிந்த பிறகு, வழுக்காமல் இருக்கத் தாம்பாளத்துக்குள் நனைந்த சாக்கை விரித்து, நாயின் காதில் பஞ்சை வைத்து, தாடைக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்து, மறு கையால் சொம்பில் மொண்டு மெல்ல மெல்ல ஊற்றினாள். ஊற்றும்போது வாய் மூடாமல் பேசிக்கொண்டே இருந்தாள், என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரியாது. கால் நாலும் நனைந்தன. தண்ணீர் கறுத்தது. கறுத்தது மட்டுமில்லை, கனத்தது. சொம்பைத் தூக்கினால் கை தாழ்ந்தது. இத்தனை அழுக்கா என்று நினைத்துக்கொண்டு, தாம்பாளத்தை இழுத்து மரத்தடியில் கவிழ்த்தாள்.

மறுநாள் காலையில் தவிடு கட்டிலுக்கு அடியில் இல்லை. நாலு வழிச்சாலையின் நடுவில், லாரிகள் இரண்டு பக்கமும் கிறீச்சிட்டு ஒதுங்கிப் போக, தன் வீட்டு முற்றம் மாதிரி காலை நீட்டிப் படுத்திருந்தது. அருணகிரி ஓடிப்போய்த் தூக்கி வந்தான். அன்று சாயங்காலம் கறிவேப்பிலை போட்ட குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, அதற்கடுத்த நாள் பஸ்ஸுக்குப் போன வளவுக்காரர்கள் அத்தனை பேரும் சாலையோரத்தில் வரிசையாக நின்றுவிட்டார்கள். ஒருவராலும் கடக்க முடியவில்லை. காலைத் தூக்கினால் கால் திரும்பி வந்தது. வருஷக்கணக்காக அந்தச் சாலையைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தவர்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒரு லாரிகூடக் கண்ணுக்குத் தெரியாத நேரம் வரும்வரை காத்திருந்து போனார்கள், வேலைக்குத் தாமதமாகப் போய் வசவு வாங்கினார்கள். வெயில் ஏறியதால் வந்த கிறுகிறுப்பு என்று எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

இரண்டாம் ஞாயிறு முதுகு. தண்ணீர் முன்னைவிடக் கனத்தது. அதற்குப் பிறகு தவிடு விளக்குமாற்றைக் கவ்விக்கொண்டு விளையாடியது, வளவிலோ ஒருவர் கை ஓங்கினால் ஒன்பது பேர் குனிந்தார்கள். மூன்றாம் வீட்டுக் கொத்தனார் முண்டசாமி, பெண்டாட்டி மேல் கை நீட்டுவதில் பேர் எடுத்தவன், அவள் தோசைக் கரண்டியைத் திருப்பியதைப் பார்த்து அம்மியோடு ஒண்டி உட்கார்ந்துவிட்டான். அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே நெடுநேரம் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் ஞாயிறு கழுத்து. அன்றைக்குப் பிறகு கழுத்தில் ஏதாவது கிடந்தாலே மூச்சு முட்டுகிறது என்று ஆண்கள் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றினார்கள், பெண்கள் தாலிச் சங்கிலியைக் கழற்றிச் சாமி படத்து ஆணியில் மாட்டிவிட்டு, மாட்டியதற்காக ஒரு விளக்கும் போட்டார்கள்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது ஐந்தாம் வீட்டு அந்தோணிச்சாமி, பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். அவர் ரசத்தில் கிடக்கிற இலையை ஒன்று விடாமல் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்கிவைக்கிற சாதி. அவர் ஒருவர்தான் சாலையைக் கடந்தார், சட்டைப் பித்தானைப் போட்டார், எவன் கை ஓங்கினாலும் நிமிர்ந்து நின்றார். அவர் நாலைந்து நாள் எல்லாரையும் கவனித்துவிட்டு, சுயம்புக்கனியின் தாம்பாளத்தையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முற்றத்தில் எல்லாரையும் கூட்டிச் சொன்னார்: "நாய்கிட்ட இருந்து போறது எங்க போகும்? மரத்துக்குப் போகுது. மரத்துல இருந்து உங்க வயித்துக்கு வருது. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா என்று எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள், காரணம் தெரிந்ததில் பாதி பாரம் இறங்கிவிட்டது. அப்புறம் பேச்சு நடந்தது. நாயைக் குளிப்பாட்டுவதை நிறுத்தினால் தோல் அழுகிச் செத்துப்போகும். தண்ணீரை வாறுகாலில் விட்டால் கீழத்தெருவுக்குப் போகும், அங்கே பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கிறார்கள், நம் வளவுப் பயத்தை ஊருக்கு அனுப்புவது என்ன நியாயம். கறிவேப்பிலையை விட்டுவிடலாம் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் சொன்னார்கள், சொன்னபடி இரண்டு நாள் விட்டும் பார்த்தார்கள், மூன்றாம் நாள் குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை என்று அவர்களே மரத்தடிக்கு வந்து நின்றார்கள். கடைசியில் முண்டசாமியின் பெண்டாட்டி பேச்சிக்கனிதான் முடித்துவைத்தாள்.

"இம்புட்டுப் போல நாயி, ஒத்தையில சொமந்திருக்கு," என்றாள் அவள். "நாம இருவத்திரெண்டு பேரு இருக்கோம். ஆளுக்குக் கொஞ்சம் சொமக்க மாட்டமாக்கும்."

அதோடு எல்லாரும் எழுந்து போய் அவரவர் அடுப்புக்கு இலை பறித்தார்கள். சுயம்புக்கனிக்குப் பெருமையாக இருந்தது, கூடவே பயமாகவும் இருந்தது. மற்றவர்கள் இலையில் தின்றதை அவள் கை வழியாகவும் வாங்கியிருந்தாள். ஒரு நாய்க்குள் இன்னும் எத்தனை இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

நாலாம் ஞாயிறு காது. பஞ்சை வைத்துக்கொண்டு, ஈரத்துணியால் மடலை மட்டும் துடைத்தாள். அன்றிலிருந்து வளவுக்கு நாலு மணி என்று ஒன்று வந்துசேர்ந்தது. நாலு மணியானால் கோலிக்குண்டு விளையாடுகிற பிள்ளைகள் குண்டை விட்டுவிட்டு வாசல் கதவைப் பார்த்தார்கள், பீடித்தட்டில் பெண்களின் விரல் நின்றது, அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் ஒரு சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். எந்தச் சத்தம் என்று கேட்டால் தெரியாது. பழைய மொபெட் ஒன்று, ஏற்றத்தில் முக்கிக்கொண்டு வருகிற மாதிரி, வந்து வாசலில் நிற்கப்போகிற மாதிரி. வரவில்லை. ஐந்து மணிக்கு மூச்சு விட்டார்கள். மறுநாள் நாலு மணிக்கு மறுபடியும். வராத ஒன்றுக்குப் பயப்படுவது வந்ததற்குப் பயப்படுவதைவிடக் கொடிது என்பதை அந்த ஒரு வாரத்தில் ஏழு வீடும் கற்றுக்கொண்டது.

ஐந்தாம் ஞாயிறு மூக்கு. செவ்வாய்க்கிழமை ஆறாம் வீட்டுப் பெண் தலைவலிக்கு நெற்றியில் தைலம் தேய்த்தாள், அந்த வாசனை முற்றத்துக்கு வந்ததுதான் தாமதம், வளவே காலியானது. கட்டிலுக்கு அடியிலும் குதிருக்குப் பின்னாலும் ஆள் ஆளாக ஒடுங்கி, ஒருவர் பல் தந்தியடிப்பது ஒருவருக்குக் கேட்க உட்கார்ந்திருந்தார்கள். தைலம் தேய்த்தவளும் தன் நெற்றிக்குப் பயந்து அழுதாள். அந்த இருட்டுக்குள், புருஷன் தோளோடு ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் சுயம்புக்கனிக்குப் புரிந்தது.

"இது பல பயம் இல்ல," என்றாள். "ஒரே ஆளு. ஓங்குன கை அவன் கை. சங்கிலி அவன் சங்கிலி. அவன் வண்டி, அவன் தைலம். கொஞ்சங் கொஞ்சமா அந்த ஆளு நமக்குள்ள வந்துக்கிட்டு இருக்கான். தவிடு மறக்க மறக்க நமக்குத் தெரியுது."

"தெரியட்டுமே," என்றான் அருணகிரி. அவன் குரல் கிடுகிடுத்தது. "நமக்குத் தெரிஞ்சாப் போதாதா. அவன் வந்தா நாம பாத்துக்கிட மாட்டமா."

முற்றத்தில் தவிடு தனியாக ஒரு பந்தைத் துரத்திக்கொண்டிருந்தது. சொறி ஆறிப் புது மயிர் முளைத்து, தேய்த்த வெண்கலம் மாதிரி மினுங்கியது. அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. இதற்காகத்தானே, என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆறாம் ஞாயிறு கண். மருந்து கண்ணில் படக் கூடாது என்பதால், வெறும் வெதுவெதுப்பான தண்ணீரைச் சொம்பில் மொண்டு நெற்றியில் இருந்து பின்பக்கமாக வழியவிட்டு, கண் ஓரத்தை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தாள். தாம்பாளத்துத் தண்ணீர் ஒரேயடியாகக் கறுத்து, அசைக்க முடியாதபடி கனத்தது. தவிடு நிமிர்ந்து அவளைப் பார்த்தது. அந்த இரண்டு கண்ணிலும் ஒன்றுமே இல்லை, நேற்று பிறந்த குட்டியின் கண் மாதிரி இருந்தது. அவள் அழுதுவிட்டாள். தண்ணீரை மரத்துக்குக் கவிழ்க்கலாம் என்று தாம்பாளத்தின் விளிம்பைப் பிடித்தபோது, சாலையின் ஏற்றத்தில் ஒரு மொபெட் முக்குகிற சத்தம் கேட்டது. மணி நாலு.

வளவில் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. யாரும் கத்தவில்லை. ஏழாம் வீடு, ஆறாம் வீடு, நாலாம் வீடு, தாழ்ப்பாள் விழுகிற சத்தம் மட்டும் வரிசையாக வந்தது. வீட்டுக்குள் தூங்கி எழுந்த அருணகிரி கதவுக்குப் பின்னால் வந்து தாழ்ப்பாளில் கை வைத்தான், திறக்க வந்த கை தாழ்ப்பாளைப் போட்டது. பார்த்துக்கொள்வோம் என்று சொன்னவன் அவன்தான், அதற்காக அவன் பிற்பாடு எத்தனையோ நாள் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மொபெட் வாசலில் வந்து நின்றது.

வளவின் வாசல் கதவைத் திறந்துவிட்டது அந்தோணிச்சாமி. பயம் தின்னாத மனிதர், யாரோ தட்டுகிறார்கள், திறப்பதுதானே மரியாதை.

"வணக்கம் சார்வாள்," என்றான் வந்தவன். சலவைச் சட்டை, சீவிய தலை, நல்ல பதமான குரல். தைல வாசனை அவனுக்கு முன்னால் நடந்து வந்தது. "நம்ம நாயி ஒண்ணு தவறிப் போச்சு. டைகர்னு பேரு. இந்த வளவுல இருக்குன்னு சொன்னாவ."

"இருக்கே, வாங்க," என்றார் அந்தோணிச்சாமி.

அவன் முற்றத்துக்குள் வந்தான். மூடிய கதவுகளையும், ஜன்னல் இடுக்குகளில் தெரிந்த கண்களையும் ஒரு சுற்றுப் பார்த்தான். தன்னைக் கண்டு ஒரு வளவே ஒடுங்கிக் கிடப்பது அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் அவன் முகம் மலர்ந்தது. அப்புறம் சுயம்புக்கனியைப் பார்த்தான். "நல்லாக் குளிப்பாட்டி வச்சிருக்கீய தாயி," என்றான். "டைகரு. வா."

தவிடு வாலை ஆட்டியது. ஈரம் சொட்டச் சொட்ட, உடம்பே வளைய வாலை ஆட்டிக்கொண்டு இரண்டு எட்டு வைத்து, அவன் கையை நக்கியது. அவன் பைக்குள் இருந்து சங்கிலியை எடுத்தான்.

சுயம்புக்கனி 'வேண்டாம்' என்று சொல்லப் பார்த்தாள், நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. தன் கால் வழியே வெதுவெதுப்பாக ஏதோ இறங்குவதை உணர்ந்து, ஐயோ, நானும் நாய் மாதிரியே பயப்படுகிறேனே என்று வெட்கப்பட்டாள். மொட்டை மாடி வெயில், கட்டிய சாக்கு, இரும்பு வாளி, அவள் ஒருநாளும் பார்க்காததெல்லாம் அவள் எலும்புக்குத் தெரிந்திருந்தது. தெரியாதது ஒரே ஒரு ஆளுக்கு, கையை நக்கிக்கொண்டிருந்த தவிட்டுக்கு மட்டும். கடைசியாகக் கழுவி எடுத்த பயம் அவள் முன்னால் தாம்பாளத்தில் கறுப்பாகக் கிடந்தது. திருப்பி ஊற்றினால் அது பழையபடி நடுங்கும். ஊற்றாவிட்டால் இப்படியே வாலை ஆட்டிக்கொண்டு அவன் வண்டியில் ஏறும்.

அவள் சொம்பை முக்கி எடுத்தாள். இரண்டு கையாலும் தூக்கவேண்டியிருந்தது. முழங்காலாலேயே நகர்ந்துபோய், தவிட்டின் தலையில் கவிழ்த்தாள்.

யார் ஊற்றுகிறார்கள் என்று பார்க்க அது தலையைத் திருப்பியது. அங்கேதான் தப்பு நடந்துபோனது. தண்ணீர் கண்ணுக்குள் இறங்கிய நேரத்தில் அதற்கு முன்னால் இரண்டு முகம் இருந்தன, குனிந்திருந்த அவள் முகமும், அவளுக்குப் பின்னால் சங்கிலியோடு அவன் முகமும். பயத்துக்கு ஆளைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. தவிடு மனிதக் குரல் மாதிரி ஓர் ஓலம் போட்டு, இருவரையும் விட்டு விலகி, கடைசி வீட்டுக் கக்கூஸுக்கும் மதிலுக்கும் நடுவே இருக்கிற சந்தில் போய்ச் செருகிக்கொண்டது.

அவன் சிரித்தபடியே பின்னால் போய்ச் சந்துக்குள் கையை விட்டான். விட்ட வேகத்தில் இழுத்தான். மணிக்கட்டில் இருந்து ரத்தம் சலவைச் சட்டைக் கையில் இறங்கியது. அவன் கோபப்படவில்லை, கைக்குட்டையை எடுத்து நிதானமாகச் சுற்றிக்கொண்டான். "புண்ணு ஆறட்டும்," என்றான் அதே பதமான குரலில், வளவுக்கே சொல்வது மாதிரி. "பொறவு வாரேன்." மொபெட் ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போகிற சத்தம் ஓயும்வரை ஒரு கதவும் திறக்கவில்லை.

சுயம்புக்கனி சந்துக்கு முன்னால் போய் மண்டியிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் தவிடு பல்லைக் காட்டியது. பல்லைக் காட்டிக்கொண்டே நடுங்கியது. "எய்யா, நான்தான்," என்றாள் அவள். குரலைக் கேட்டதும் அதன் வால் மதிலில் தட்டியது; முகத்தைப் பார்த்ததும் நின்றுபோனது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கூப்பிட்டாள். அது வந்து அவள் உள்ளங்கையை நக்கியது. முந்தானை காற்றில் கொஞ்சம் விலகியது, தவிடு ஓடிவிட்டது.

அந்த வாரம் முழுக்க அவள் வீட்டுக்குள்ளும் முக்காடு போட்டுக்கொண்டு நடந்தாள், சோற்றைக் கதவு இடுக்கு வழியாக நீட்டினாள். வளவுக்காரர்கள் அதையும் பழகிக்கொண்டார்கள். அவளிடம் பேசுகிறபோது தாங்களும் கொஞ்சம் தலையைத் திருப்பிக்கொண்டார்கள், அது மரியாதையாகத் தோன்றியது. ஒருத்தர் மாற்றி ஒருத்தர் வாசல் கதவில் காவல் இருந்தார்கள். அந்தோணிச்சாமி மரத்தடிக்குப் போய் ஒரு கை இலையை உருவிப் பச்சையாகவே மென்று தின்றார். தின்று முடித்ததும் தான் திறந்துவிட்ட கதவில் சாய்ந்துகொண்டு, வெட்கமில்லாமல் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஏழாம் ஞாயிறு வந்தது. குளிப்பாட்ட அவளால் முடியாது, அருணகிரிதான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாம்பாளத்தின் முன்னால் உட்கார்ந்தான். அவள் வீட்டுக் கதவைச் சாத்தி, கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டு சொல்லிக்கொடுத்தாள்.

"முழங்கைய விட்டுப் பாத்தீயளா. சூடு சரியா இருக்கா. சாக்கு விரிச்சாச்சா. காதுல பஞ்சு வையிங்க. தாடைக்குக் கீழ கையக் குடுங்க, இறுக்கிப் பிடிக்காதீய. பேசிக்கிட்டே ஊத்துங்க."

"எனக்கு என்ன பேசன்னு தெரியலயே," என்றான் அவன்.

"நான் பேசுதேன். நீங்க ஊத்துங்க."

அவள் பேசினாள். அவன் ஊற்றினான். கால், முதுகு, கழுத்து. தண்ணீர் பளிங்காக ஓடியது. அவள் குரல் கேட்கும்போதெல்லாம் வால் தாம்பாளத்து விளிம்பில் டங்கு டங்கென்று அடித்தது, அந்தச் சத்தத்தை அவள் கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வளவுக்காரர்கள் அவரவர் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். சொறி இன்னும் மிச்சமிருந்தது கண் ஓரத்தில் மட்டும்தான். அங்கே ஒரு சொம்பு ஊற்றினால் வைத்தியம் முடிந்தது, கண்ணுக்குள் திரும்பப் போன பயமும் கழுவிப்போய் அவள் முகமும் அதற்குத் திரும்பக் கிடைத்துவிடும். அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரலாம். அது ஓடிவந்து அவள் முகத்தை நக்கும். நாலு மணிக்கு மொபெட் வந்தால் அவன் முகத்தையும் நக்கும்.

"இனி தலைதான் பாக்கி," என்றான் அருணகிரி. சொம்பை மொண்டு கையில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தான். "ஊத்தட்டுமா?"

வால் அடிப்பது நின்றது. தவிடு காதைத் தூக்கிக்கொண்டு கதவையே பார்த்தது.

"தலைக்கு வேண்டாம்," என்றாள் சுயம்புக்கனி. குரல் கேட்டதும் வால் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. "நெழல்ல வச்சு நல்லாத் துவட்டுங்க. பஞ்ச எடுக்க மறந்திராதீய."